கடல் இல்லாத நாட்டுக்கு ஒரு லாரி

முனைவர் பட்டத்துக்கான நேர்முகத் தேர்வில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி ஒரே ஒரு சொல். மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேராசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் விண்ணப்பத்தைப் புரட்டினார். தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்று இருந்ததைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இலங்கைதானே?" என்றார்.

"இல்லை சார். நேபாளம்."

ஐந்து பேரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. டெல்லியில் சர்வதேச உறவுகள் படிக்க வருகிறவர்களுக்கு ரேஷன் கடையில் அரிசி போடுவதுபோல ஆளுக்கு ஒரு நாடு ஒதுக்கிவிடுவார்கள். பஞ்சாபிப் பையன் என்றால் பாகிஸ்தான். வங்காளிப் பெண் என்றால் வங்கதேசம். மணிப்பூரிலிருந்து வந்தவர் மியான்மரை எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழச்சிக்கு இலங்கை. நான் பிறந்ததே டெல்லி ஜனக்புரியில், கடலை முதன்முதலாகப் பார்த்தது பத்து வயதில், அதுவும் திருச்செந்தூரில் அரை மணி நேரம் என்பதெல்லாம் விண்ணப்பத்தில் எழுதக் கூடிய விஷயங்களா?

நேபாளம் என்று சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. எம்.ஏ. படிக்கும்போது விடுதியில் என் அறைத்தோழி ஒரு நேபாளப் பெண். அவளுடைய அப்பா மலையூர் ஒன்றில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஒருநாள் பேச்சுவாக்கில், "பாவம், உங்கள் நாட்டுக்குக் கடலே இல்லை" என்றேன். அவள் தலைவாரிக்கொண்டே ஹிந்தியில், "யார் சொன்னது? எங்கள் கடல் கொல்கத்தாவில் இருக்கிறது" என்றாள். வெளிநாட்டிலிருந்து அவள் அப்பாவுக்கு ஒரு மருந்துப்பெட்டி வர வேண்டுமென்றால் அது கொல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கி, இந்தியச் சாலையில் ஓடி, எல்லையில் நின்று, பிறகுதான் மலையேற வேண்டும். அடுத்தவர் வீட்டு முற்றம் வழியாகத்தான் தெருவுக்கே வர முடியும் என்றால் அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது. கடல் இல்லாத நாடுகள், அண்டை நாட்டின் வழியே சரக்குக் கொண்டுபோகும் உரிமை என்று ஒரு தலைப்பு எழுதிக் கொடுத்தேன். நடுவில் இருந்தவரே எனக்கு நெறியாளராகவும் ஆனார்.

வீட்டில் இதை விளக்குவது நேர்முகத் தேர்வைவிடக் கடினமாக இருந்தது. அப்பா வங்கியில் வேலை பார்த்தவர். சர்வதேச உறவுகள் என்றால் வெளியுறவுத் துறைப் பணி, அதாவது கடைசியில் தூதர் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அம்மாவுக்கு அந்தக் குழப்பமும் இல்லை. பக்கத்து பிளாக் மாமி கேட்டபோது, "அவ ஃபாரின் படிக்கா" என்று சொல்லி முடித்துவிட்டாள். இருபத்தைந்து வருஷம் டெல்லியில் இருந்தும் அம்மாவின் திருநெல்வேலித் தமிழ் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. நடுவே அச்சாவும் ஜல்தியும் மட்டும் வந்து குடியேறியிருந்தன.

முதல் இரண்டு வருஷம் சுகமாகப் போனது. காலையில் நூலகம், மதியம் ராஜ்மா சாவல், மாலையில் லோதி ரோடு பக்கம் இருக்கும் ஏதாவது ஓர் ஆய்வு மையத்தில் கருத்தரங்கு. கருத்தரங்குகளில் சமோசா நன்றாக இருக்கும். ஓய்வுபெற்ற தூதர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, கேள்வி என்று ஆரம்பித்து சுயசரிதை சொல்வார்கள். நான் ஒப்பந்தங்களைப் படித்தேன், திருத்தங்களைப் படித்தேன், திருத்தங்களின் திருத்தங்களையும் படித்தேன். இரண்டு அத்தியாயம் எழுதி முடித்தபோது எனக்கே என்னைப் பார்த்தால் மரியாதை வந்தது.

அந்த மரியாதை ஒரு வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்குப் போய்விட்டது. அப்படி ஒரு கருத்தரங்கில்தான் என் ஆய்வைப் பற்றிப் பேச முதன்முதலாக வாய்ப்புக் கிடைத்திருந்தது. பருத்திப் புடவை, இருபது ஸ்லைடு. பேசி முடித்ததும் முன்வரிசையில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். ஓய்வுபெற்ற தூதர். இவருக்கு சுயசரிதை சொல்லும் பழக்கம் இல்லை போலிருக்கிறது.

"டெல்லியில் ஏற்றும் ஒரு சரக்கு நேபாளம் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்?"

"ஒப்பந்தத்தின்படி சார்..." என்று ஆரம்பித்தேன்.

"ஒப்பந்தத்தை நானும் படித்திருக்கிறேன். லாரியில் எத்தனை நாள்?"

தெரியவில்லை.

"சரி, எல்லையில் அந்த லாரி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா?"

அதுவும் இல்லை. அவர் "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மேற்கொண்டு ஏதாவது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அந்த மாலை நான் சமோசா எடுக்கவில்லை.

எல்லைக்குப் போகப் பணம் கேட்டுத் துறையில் எழுதிக் கொடுத்தேன். அந்தக் காகிதம் எந்த மேஜையில் தூங்கியதோ, பதிலே வரவில்லை. லாரி எல்லையில்தான் நிற்க வேண்டுமா, கிளம்பும் இடம் டெல்லியில்தானே இருக்கிறது என்று நினைத்து, மெட்ரோவில் மஞ்சள் லைனில் வடக்குக் கோடி வரை போய், அங்கிருந்து ஈ-ரிக்‌ஷாவில் டிரான்ஸ்போர்ட் நகரில் இறங்கினேன். கண்ணுக்கு எட்டிய தூரம் லாரி. டயர் கடை, டீக்கடை, புக்கிங் ஆபீஸ், மறுபடியும் டயர் கடை. கையில் நோட்டோடு ஒரு பெண் வருவதைப் பார்த்ததும் டிரைவர்கள் என்னை இன்சூரன்ஸ் என்று நினைத்தார்கள். ஒருவர் மட்டும் டி.வி. என்று நினைத்துத் தலை சீவிக்கொண்டார். நேபாள எல்லை பற்றிக் கேட்டால் எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: "நிற்கணும் மேடம்." எவ்வளவு நேரம், எதற்காக என்று கேட்டால் சிரித்தார்கள்.

இரண்டாவது தடவை போனபோது ஒரு லாரியின் பின்பக்கம் தமிழில் நாமக்கல் என்று எழுதியிருந்தது. ஜனக்புரியில் பத்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். ஆனால் அதற்குப் பிறகு தமிழில் எதையும் படிக்க வேண்டி வந்ததில்லை. பழக்கம் விட்டுப்போகவில்லை என்று காட்டிக்கொள்வதுபோல வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தேன். நாமக்கல்லோடு நிறுத்தாமல், கீழே பொடி எழுத்தில் இருந்த பெயிண்டர் பெயர் வரைக்கும்.

"ஆருங்க அது, தமிழ்ல படிக்கிறது?"

கேபினிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நைட்டிக்கு மேல் துண்டு, கையில் கரண்டி.

"அக்கா, நீங்க நேபாளத்துக்கு லோடு எடுத்துட்டுப் போவீங்களா?"

"லோடு எங்க கெடைக்குதோ அங்க போவமுங்க. ஏனுங், நீங்க இன்சூரன்ஸுங்களா?"

"இல்லக்கா. நான் படிக்கேன். பிஎச்.டி."

"லாரியப் பத்திப் படிக்கறதுக்குப் பள்ளிக்கூடம் இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உங்க தமிழு எங்கியோ இழுக்குதுங்களே?"

"அப்பா அம்மா திருநெல்வேலி. நான் டெல்லி."

"அதான பாத்தேன். சாப்பிட்டீங்களா கண்ணு?"

லாரியின் பக்கவாட்டுப் பெட்டியில் அடுப்பு வைத்து ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த ரசத்தைக் குடித்துக்கொண்டே கதை கேட்டேன். லாரி அவர்களுடைய சொந்த வண்டி. அக்காவின் கணவர் ஓட்டுகிறார்; எனக்கு அவர் அண்ணன். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு தனியாக வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அக்காவும் வண்டியில் ஏறிவிட்டார். சேலத்திலிருந்து ஜவ்வரிசி கொண்டுவந்து இறக்கியாயிற்று. அடுத்த வாரம் டெல்லியிலிருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் ஏற்றுகிறார்கள். எங்கே? நேபாளத்துக்கு.

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "என்னையும் கூட்டிட்டுப் போவீங்களா?"

வண்டிக்கு அடியில் எதையோ தட்டிக்கொண்டிருந்த அண்ணன் வெளியே வந்தார். "வரலாமுங்க. ஆனா ஒண்ணு, நடுவழியில வேண்டாம்னு அழுதா எறக்கி உட முடியாதுங். பாத்துக்குங்க."

வீட்டில் சொன்னதும் அம்மா தோசைக்கரண்டியைத் தூக்கிவிட்டாள். "லாரியிலயா? ஏட்டி, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஃபாரின் படிக்கப் போறேன்னு லாரியில ஏறுதேங்குத?"

அப்பா மறுநாள் சட்டை மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பினார். பெண் பார்க்கப் போகிறவரைப்போல டிரான்ஸ்போர்ட் நகருக்கு லாரி பார்க்க வந்தார். வாழ்நாள் முழுக்கக் கடன் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவர் அல்லவா, லைசென்ஸ், பெர்மிட், எஃப்.சி. எல்லாவற்றையும் வாங்கிப் புரட்டினார். டயரைக் குனிந்து பார்த்தார். அண்ணன் முகம் கோணாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பிறகு இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே காற்றழுத்தம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "வண்டி நல்ல வண்டி."

"நான் வண்டியவா கேட்டேன்?" என்றாள் அம்மா. ஆனாலும் முறுக்குச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். அதுதான் சம்மதம்.

மூன்று நாள் பயணம். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் படுக்கைப் பலகையில் நானும் அக்காவும் மாறி மாறிப் படுத்தோம். லக்னோ தாண்டியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலை முழுவதையும் தமதாக்கிக்கொண்டன. கோரக்பூர் வரும் முன் என் குறிப்பேட்டில் எழுத்துகள் எல்லாம் மலையேறி இறங்கியிருந்தன. இன்றுவரை சில பக்கங்களை என்னால் படிக்க முடியவில்லை. மதியம் மரநிழல் பார்த்து வண்டியை ஓரம்கட்டுவார்கள். அக்கா அரைமணியில் சோறும் புளிக்குழம்பும் ஆக்கிவிடுவார். அண்ணன் எனக்குக் கியர் எல்லாம் விளக்கினார். நான் அவருக்கு அணிசேராக் கொள்கையை விளக்கினேன். இரண்டு பேருக்கும் மற்றவர் சொன்னதில் பாதிதான் புரிந்தது என்று நினைக்கிறேன்.

எல்லை ஊருக்கு வந்தோம். டிரைவர்கள் சொன்ன சொல் எனக்கு அங்கேதான் புரிந்தது. நிற்கணும். முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்தில் வெள்ளரிக்காய் வெட்டி விற்கிறவர்கள். யாரும் கோபப்படவில்லை. ஒருவர் குளிக்கப் போனால் அடுத்தவர் அவருடைய வண்டியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். நேபாள டிரைவர் ஒருவர் முள்ளங்கி ஊறுகாய் கொடுத்தார், அக்கா பதிலுக்கு அம்மாவின் முறுக்கைக் கொடுத்தார். நான் வண்டி வண்டியாகப் போய் எல்லாரிடமும் கேள்வி கேட்டேன். மகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டாம் நாள் எங்கள் முறை வந்தது. அண்ணன் காகிதங்களோடு சுங்க அலுவலகத்துக்குள் போனார், காகிதங்களோடு திரும்பி வந்தார்.

"பேப்பர் சரியில்லையாமுங்க."

டெல்லியில் கொடுத்த பில்லில் மோட்டார் என்று இருந்தது. அந்தப் பக்கம் வாங்குகிறவர் அனுப்பியிருந்த அனுமதிச் சீட்டில் பம்ப் என்று இருந்தது. பெட்டிக்குள் இருப்பது ஒரே பொருள். ஒரு முனையில் மோட்டார், மறுமுனையில் பம்ப், இரண்டும் ஒரே இரும்பு. ஆனால் காகிதத்துக்கு அது தெரியாதே.

இரண்டு வருஷம் படித்த படிப்புக்கு வேளை வந்துவிட்டது என்று நினைத்தேன். பையிலிருந்த ஒப்பந்த நகலை எடுத்துக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் போனேன். எந்தப் பக்கத்து அதிகாரி என்பதை எழுதாமல் விடுகிறேன். இரண்டு பக்கமும் எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. அவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். நான் பிரிவு பிரிவாக எடுத்து வைத்தேன். சரக்கைக் காரணமில்லாமல் நிறுத்துவது ஒப்பந்தத்தின் நோக்கத்துக்கே எதிரானது என்று இருபது நிமிஷம் பேசினேன். கருத்தரங்கில் பேசியதைவிட நன்றாகப் பேசினேன் என்று இப்போதும் சொல்வேன்.

அவர் முழுவதும் கேட்டார். தலையசைத்தார். "மேடம், இது இவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாது. இனி நானாக முடிவு செய்தால் தப்பாகிவிடும். மேலிடத்துக்கு எழுதிக் கேட்டுவிடுகிறேன்" என்றார்.

எழுதியும் விட்டார். என் கண் முன்னாலேயே ஒரு கோப்பு திறக்கப்பட்டது, எண் போடப்பட்டது, நூல் கட்டப்பட்டது, ஜீப்பில் ஏறிப் போயே போய்விட்டது.

வெளியே வந்து சொன்னேன். அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. முள்ளங்கி ஊறுகாய்க்காரரும் கையசைத்துக்கொண்டே போனார். நான் லாரி நிழலில் உட்கார்ந்து அழுதேன். நடுவழியில் அழக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்குப் போட்ட நிபந்தனை. அதையும் மீறியாயிற்று.

அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அழுவாதீங்க கண்ணு. நல்லதுக்குத்தானுங்க பேசுனீங்க. ஆனா ஒண்ணு, நீங்க அவருகிட்டச் சட்டம் பேசுனா, அவரும் உங்ககிட்டச் சட்டந்தானுங்க பேசோணும்? பாவம், அவரு வேற என்ன பண்ணுவாரு?"

பிறகு எழுந்து, முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு, "வாங்க போலாம். நீங்க வாயத் தொறக்காம நில்லுங்க போதும்" என்றார்.

அதிகாரி எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் பயந்தார். அக்கா தனக்குத் தெரிந்த ஹிந்தியை எல்லாம் திரட்டினார். "பையா, கல்தி ஹமாரா. ஆப்கோ கோன்சா பேர் சாஹியே? மோட்டரா, பம்பா? ஆப் போலோ. ஹம் வைசா லிக்கேகா." தப்பு எங்களுடையது, உங்களுக்கு எந்தப் பெயர் வேண்டுமோ சொல்லுங்கள், அப்படியே எழுதுகிறோம். அவ்வளவுதான். நடுவில் நின்ற பேர் என்ற தமிழ்ச் சொல்லைப் பற்றி அவருக்கும் கவலையில்லை, அதிகாரிக்கும் கவலையில்லை.

அதிகாரி சிரித்துவிட்டார். ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, பில்லில் எப்படி எழுதினால் இரண்டு காகிதமும் ஒத்துப்போகும் என்று ஆங்கிலத்தில் மூன்று சொல் எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதைப் போனில் படம் பிடித்து டெல்லி ஏஜென்டுக்கு அனுப்பினார். இரண்டு மணி நேரத்தில் புதிய பில் வந்துவிட்டது.

ஆனால் லாரி நகரவில்லை. நான் கிளப்பிவிட்ட கோப்பு மேலிடத்திலிருந்து திரும்பி வர வேண்டுமே. அதற்கு இன்னும் இரண்டு நாள் ஆனது. அக்கா இல்லாமல் நான் மட்டும் இருந்திருந்தால் அந்த லாரி இப்போதும் அங்கேதான் நிற்கும். நான் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அன்று மாலையே கடந்திருக்கும். இந்த இரண்டும்தான் என் ஆய்வின் முடிவுகள் என்று பின்னாளில் வகுப்பில் சொன்னால் மாணவர்கள் வேடிக்கை என்று நினைக்கிறார்கள்.

டெல்லிக்குத் திரும்பியதும் எழுதி வைத்திருந்த இரண்டு அத்தியாயங்களையும் எடுத்துப் படித்தேன். நல்ல ஆங்கிலம். ஒப்பந்தத்தைப் போலவே அதிலும் உயர்ந்த சொற்கள் எல்லாம் இருந்தன, மோட்டாரும் பம்பும் ஒன்றா இல்லையா என்பது மட்டும் இல்லை. ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டுக் காத்திருத்தல் பற்றி ஒரு புதிய அத்தியாயம் எழுதினேன். யார் நிற்கிறார்கள், எதற்காக நிற்கிறார்கள், எந்தச் சொல் எங்கே மாட்டிக்கொள்கிறது, அதை யார் எப்படி எடுத்துவிடுகிறார்கள். நெறியாளர் நாற்பது பக்கத்தையும் படித்துவிட்டு, "இது சர்வதேச உறவா, பயணக் கட்டுரையா?" என்றார். "இரண்டு நாடுகள் தினமும் பேசிக்கொள்கிற இடம் அந்தக் கவுண்டர்தான் சார்" என்றேன். அவருக்கு வேறு ஒரு கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. "அடிக்குறிப்பைக் கூட்டு" என்று சொல்லிப் போய்விட்டார். கூட்டினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்த அம்மையார் கறாரானவர் என்று பெயர் வாங்கியவர். ஆய்வேட்டின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "அறிஞர்களைவிட அதிகமாக லாரி ஓட்டுநரின் மனைவி என்று ஒருவரை மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். அவர் எந்த வகையில் ஆதாரம்?"

"அந்த எல்லையில் அவரைவிட அதிக நாள் நின்ற அறிஞர்கள் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை மேடம்."

அவர் பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "டீ சொல்லலாமா?" என்றார். வெளியே காத்திருந்த என் தோழிகள் டீ உள்ளே போவதைப் பார்த்ததும் கைதட்டிவிட்டார்களாம். தேறாதவர்களுக்கு டீ கொடுக்கிற வழக்கம் எங்கள் துறையில் இல்லை.

வேலை கிடைக்கச் சில வருஷம் பிடித்தது. டெல்லிக் கல்லூரிகளில் நாலு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று தற்காலிகமாக ஓடிக்கொண்டிருந்தேன். மூன்று தேர்வுக்குழுக்களில் இரண்டு, இலங்கை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டன. பிறகு ஒரு கல்லூரியில் நிரந்தரமாக உட்கார்ந்தேன். கல்லூரி இணையதளத்தில் ஆய்வு ஆர்வம் என்ற கட்டத்தில் இப்போது, எல்லைகளில் பயன்படும் படிவங்களும் சரக்குப் பெயர்களும் என்று எழுதுகிறேன். சக ஆசிரியர்கள் அணு ஆயுதம், பருவநிலை என்று எழுதுகிற இடம் அது. முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது இல்லை. அணு ஆயுதத்தை அவர்களில் யாரும் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. நான் படிவத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். முதலாமாண்டு வகுப்பு கிடைக்கிறபோதெல்லாம் மாணவர்களைத் தென்டெல்லியில் இருக்கும் உலர்துறைமுகத்துக்குக் கூட்டிப் போகிறேன். கடலுக்குப் போக வேண்டிய பெட்டிகளுக்கு ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே சுங்கச் சோதனை நடக்கும் இடம் அது. பாதிப் பேர் செல்ஃபி எடுக்கிறார்கள். மீதிப் பேர் பெட்டிகளின் மேல் எழுதியிருக்கும் ஊர்களைப் படிக்கிறார்கள். அந்த மீதிப் பேர் எனக்குப் போதும்.

ஆய்வேடு ஆங்கிலத்தில் புத்தகமாக வந்தபோது முதல் பிரதியை நாமக்கல்லுக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அக்காவின் போன்.

"புஸ்தகம் வந்துதுங். அட்டை நல்லாருக்குதுங். உள்ள என்னன்னுதான் ஒண்ணும் தெரியலீங்க."

"உங்க மகள்கிட்டக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கக்கா."

"சொன்னனுங். நாலு பக்கம் படிச்சா. இது இங்கிலீசே இல்லீங்கறா." கூடவே, "நம்ம ரெண்டு பேரும் தமிழ்லதானுங்க பேசுனோம்? தமிழ்லயே எழுதி அனுப்புங்க" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது உறுத்திவிட்டது. ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்தேன். பத்தாம் வகுப்போடு நின்றுபோன தமிழ் அது. முதல் பக்கத்தை எழுத ஒன்பது நாள் ஆனது. எழுதியதை அப்பாவிடம் காட்டினால் சிவப்புப் பேனாவால் ஒற்றெழுத்துகளைக் கொட்டினார். அம்மா வேறொரு பிரச்சினை கிளப்பினாள். "காத்திருத்தல்னு ஏட்டி எழுதுத? நின்னுக்கிட்டுக் கெடந்தோம்னு எழுதேன்." ஆங்கிலத்தில் எளிதாகத் தப்பித்துக்கொள்ளும் இடங்களில் எல்லாம் தமிழில் மாட்டிக்கொண்டேன். யார் நிறுத்தினார்கள், யார் அழுதார்கள் என்று சொல்லியே ஆக வேண்டியிருந்தது. இருபது பக்கம் தேறியது. அதை நாமக்கல்லுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் தமிழில் எழுதுவது என்பது என் வாழ்க்கையில் ஒரு வேலையாகவே ஆனது.

போன குளிர்காலத்தில் அவர்கள் டெல்லிக்கு லோடு கொண்டுவந்தபோது வீட்டுக்கு வந்தார்கள். பகலில் லாரியை ஊருக்குள் விட மாட்டார்கள் என்பதால் வண்டியை டிரான்ஸ்போர்ட் நகரில் விட்டுவிட்டு மெட்ரோவில் ஜனக்புரி வந்து சேர்ந்தார்கள். அக்கா பையிலிருந்து அந்த இருபது பக்கத்தை எடுத்தார். ஓரங்களில் பென்சில் கோடுகள்.

"படிச்சனுங். ரெண்டு எடத்துல தப்பு இருக்குதுங்க. நீங்க எல்லையில ரண்டாம் நாளுதான் அழுதேன்னு போட்டிருக்கறீங்க. அதுக்கு முன்னாடியே அழுதீங்க, கோரக்பூர்ல, கரண்ட் கம்பியில பட்டத்து நூலுல மாட்டிச் செத்த குருவியப் பாத்து."

எனக்கு அது நினைவே இல்லை. அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "குருவிக்கா அழுத?" என்றாள்.

"இன்னொண்ணு?" என்று கேட்டேன்.

"புளிக்கொழம்பு நல்லாருந்துச்சுன்னு போட்டிருக்கறீங்க. அந்தப் பக்கத்துத் தண்ணிக்கு அது நல்லாவே வருலீங்க. எதுக்குப் பொய் எழுதோணும்?"

அம்மாவுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. தண்ணீரைப் பற்றி ஆரம்பித்து, டெல்லித் தண்ணீரில் பருப்பு வேகாததற்கு வந்து, இரண்டு பேரும் சமையலறைக்குள் போய்விட்டார்கள். ஒருவர் பேசும் தமிழ் மற்றவருக்கு அங்கங்கே இடறியது. அப்போது அம்மா சட்டென்று ஹிந்திக்குத் தாவினாள், அக்காவும் தாவினார். அப்பாவும் அண்ணனும் பால்கனியில் டயர் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

மாலையில் மெட்ரோ நிலையம் வரை கூடவே போனேன். அண்ணன் டோக்கன் வாங்க வரிசையில் நின்றார். அக்கா பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். ஓட்டுநர் உரிமம். அவருடைய படம். கனரக வாகனம்.

"போன மாசந்தானுங்க வாங்குனேன். ரண்டு தடவ பெயிலு. மூணாவது வாட்டிதான் கெடச்சுது."

"அக்கா! அப்ப நீங்களே ஓட்டுறீங்களா?"

"ஜான்சில இருந்து ஆக்ரா வரைக்கும் நான்தானுங்க. அவரு பக்கத்துல உக்காந்து பிரேக்க மிதிச்சுட்டே வர்றாரு, அவரு காலுக்குக் கீழ பிரேக்கே இல்லீன்னாலும்."

அண்ணன் டோக்கனோடு வந்தார். "என்னங்க சிரிப்பு?" என்று கேட்டார். அக்கா உரிமத்தை என்னிடமிருந்து வாங்கி, புடவைத் தலைப்பில் ஒருமுறை துடைத்து, பர்ஸில் வைத்துக்கொண்டு முதலில் உள்ளே போனார். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.